உணவும் தீவனமும்: ஸ்டார்லிங்க் மக்காச்சோளமும் பாதுகாப்பு மதிப்பீட்டின் வரலாறும்

முன்னுரை

மரபணு மாற்றப்பட்ட பயிர்களின் பாதுகாப்பை மதிப்பிடும் முறைகள் ஆய்வகத்தில் மட்டும் உருவானவை அல்ல. தானியம் விளையும் நிலமும் சேரும் கிடங்கும் அரைபடும் ஆலையும் அவற்றின் உருவாக்கத்தில் பங்கு கொண்டுள்ளன. இதற்கு அமெரிக்காவின் ஸ்டார்லிங்க் மக்காச்சோளம் தக்க சான்றாகும். மனித உணவுக்கு ஏற்கப்படாத ஒரு பயிரைக் கால்நடைத் தீவனத்திற்கு மட்டும் அனுமதிக்கலாம் என்னும் கருத்து எவ்வாறு கைவிடப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஒப்பீட்டு முறையும் ஒவ்வாமையும்

பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு 1993-இல் வெளியிட்ட அறிக்கை 'கணிசமான ஒப்புமை' என்னும் கோட்பாட்டை முன்வைத்தது. நெடுங்காலமாக உண்ணப்பட்டுவரும் பயிருடன் புதிய பயிரை ஒப்பிட்டு, வேறுபடும் கூறுகளை ஆழ்ந்து சோதிப்பதே இதன் அடிப்படை. எனவே புதிதாகச் சேர்ந்த புரதம் நச்சுடையதா, ஒவ்வாமை தருமா என்பன முதன்மை வினாக்களாயின.

தீவனத்தின் சத்தை உயர்த்தும் நோக்கில் பிரேசில் கொட்டையின் மரபணு சேர்க்கப்பட்ட சோயா ஒன்று இவ்வகையில் சோதிக்கப்பட்டது. அக்கொட்டைக்கு ஒவ்வாமை உடையோரின் குருதிநீர் சோயாவின் புதிய புரதத்துடன் வினைபுரிந்தது என 1996-இல் வெளியான ஆய்வு காட்டியது. அச்சோயா சந்தைக்கு வரவில்லை. ஒவ்வாமை தரும் மூலப்பொருள் முன்பே அறியப்பட்டிருந்தமையால் இங்கு நேரடிச் சோதனை இயன்றது.

பிரித்தளிக்கப்பட்ட அனுமதி

ஸ்டார்லிங்கின் நிலை வேறு. தண்டுத்துளைப்பானை எதிர்க்க அதில் சேர்க்கப்பட்ட கிரை 9சி என்னும் புரதம் பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ் என்னும் மண் பாக்டீரியத்திலிருந்து வந்தது. அப்புரதத்திற்கு ஒவ்வாமை உடையோர் என எவரும் அறியப்படாத நிலையில், சோதனைக்குரிய குருதிநீரும் இல்லை. மறைமுக அடையாளங்களையே நம்ப வேண்டியிருந்தது. அப்புரதம் செயற்கை இரைப்பை நீரில் எளிதில் சிதையவில்லை, வெப்பத்தையும் தாங்கியது. இவ்விரண்டும் ஒவ்வாமைப் புரதங்கள் பலவற்றில் காணப்படும் பண்புகள்.

இந்த ஐயம் தீராத நிலையில், அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இல் ஸ்டார்லிங்கைத் தீவனத்திற்கும் தொழிற்சாலைப் பயன்பாட்டிற்கும் மட்டும் பதிவுசெய்தது. உணவில் அதன் சிறு எச்சமும் சட்டத்திற்குப் புறம்பானதாயிற்று. வயலைச் சுற்றி இடைவெளி விடுதல், விளைச்சலைத் தனியே கொண்டுசெல்லுதல் ஆகியவற்றின்மீதே இவ்வனுமதி நின்றது.

பிரிவு குலைந்தமை

2000 செப்டம்பரில் கடைகளில் விற்கப்பட்ட டாக்கோ ஓடுகளில் ஸ்டார்லிங்கின் மரபணுக்கூறு கண்டறியப்பட்டது. நாட்டின் மக்காச்சோளப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகவே அது பயிரிடப்பட்டிருந்தது. எனினும் ஏறத்தாழ 300 உணவுப்பொருள்கள் திரும்பப் பெறப்பட்டன. மக்காச்சோளம் காற்றினால் மகரந்தச்சேர்க்கை பெறும் பயிர். பல பண்ணைகளின் விளைச்சல் ஒரே கிடங்கில் கலந்து, தீவனமாகவும் மாவாகவும் பிரிவதே அந்நாட்டு வணிக வழக்கம். உரிமைபெற்ற அவென்டிஸ் நிறுவனம் அதே ஆண்டு அக்டோபரில் பதிவைக் கைவிட்டது.

தமக்கு ஒவ்வாமை ஏற்பட்டதெனச் சிலர் முறையிட்டனர். அவற்றை ஆராய்ந்த நோய்க் கட்டுப்பாடு, தடுப்பு மையம் 28 பேரின் அறிகுறிகள் ஒவ்வாமையோடு பொருந்துவதாகக் கண்டது. குருதி மாதிரி அளித்தோரிடம் கிரை 9சி புரதத்திற்கு எதிரான ஒவ்வாமைச் சான்று கிடைக்கவில்லை என 2001 ஜூனில் அது அறிவித்தது. ஆயினும் சுற்றுச்சூழல் முகமையின் அறிவியல் ஆலோசனைக் குழு, அச்சோதனை ஸ்டார்லிங்கைக் காரணப் பட்டியலிலிருந்து முற்றிலும் நீக்கிவிடவில்லை எனக் கருதியது. தீங்கு நிறுவப்படவில்லை, தீங்கின்மையும் நிறுவப்படவில்லை. அனுமதிக்கு முன்பு தீர்க்கப்படாத வினா, மக்கள் உண்ட பின்பும் தீரவில்லை.

விளைவுகள்

இத்தகைய பிரித்தளிக்கும் பதிவுகளை இனி வழங்குவதில்லை எனச் சுற்றுச்சூழல் முகமை 2001-இல் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1829/2003 எண்ணுள்ள ஒழுங்குமுறை, உணவாகவும் தீவனமாகவும் பயன்படத்தக்க பொருளுக்கு ஒரே விண்ணப்பத்தையும் ஒருங்கிணைந்த மதிப்பீட்டையும் விதித்தது. கோடெக்ஸ் ஆணையம் 2003-இல் மரபணு மாற்றப் பயிர்வழி உணவுகளுக்கான மதிப்பீட்டு நெறிகளை ஏற்றது. உணவில் சிறிதளவு கலந்திருக்கும் நிலையை மதிப்பிடுவதற்கான பின்னிணைப்பை 2008-இல் சேர்த்தது. கலப்பு நிகழக்கூடியதே என்னும் ஒப்புதல் இதில் அடங்கியுள்ளது.

முடிவுரை

ஸ்டார்லிங்க் நிகழ்வை மரபணு மாற்றப் பயிர்களின் தீங்கிற்குச் சான்றாகக் கொள்வதும், தீங்கு நிறுவப்படாமையால் அதனைப் புறந்தள்ளுவதும் ஒருபால் சார்ந்த வாசிப்புகளே. உணவு, தீவனம் என்னும் பிரிவு தானியத்தின் இயல்பில் இல்லை. ஆவணத்தில் மட்டுமே இருந்தது. புரதத்தின் பண்பை ஆய்வகம் கூறலாம். அப்புரதம் யாருடைய தட்டினைச் சென்றடையும் என்பதை வயலும் கிடங்கும் ஆலையுமே முடிவுசெய்கின்றன. அவ்வழியையும் தன் எல்லைக்குள் கொள்ளும்போதுதான் பாதுகாப்பு மதிப்பீடு முழுமை பெறும் என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபு.