பாவையும் பேதையும்

கொற்கை என்றதும் முத்துத்தான் நினைவுக்கு வருகிறது. பாண்டியரின் துறைமுகம், கிறித்துவுக்குப் பின் முதல் நூற்றாண்டில் எழுந்த பெரிப்ளூஸ் என்னும் கிரேக்கக் கடற்பயண நூல் குறித்துவைத்த பட்டினம், 1968-69-இல் தமிழக அரசின் தொல்லியல் துறை அகழ்ந்து ஆராய்ந்த மண். இன்று கடல் விலகிவிட்டது, பட்டினம் சிற்றூராகிவிட்டது. முத்தெடுத்தவரைப் பற்றியும் முத்தணிந்தவரைப் பற்றியும் எழுதியோர் பலர். கரைமணலில் விளையாடிய சிறுமியைப் பற்றி எழுதியோர் எத்தனை பேர்? அவள் கையிலிருந்த பாவை எது? அந்த விளையாட்டை யார் பார்த்தார்கள்? என்ன கண்ணோடு பார்த்தார்கள்?

இக்கேள்வியை எழுப்பியவள் என் வகுப்புச் சிறுமி ஒருத்தி. ஏழு வயது. இடைவேளையில் மற்றப் பிள்ளைகள் மண்ணில் கட்டம் கீறிப் பாண்டி ஆடிக்கொண்டிருந்தனர். அவள் மட்டும் சுவரோரத்து நிழலில் நின்றாள். காரணம் கேட்டேன். “வெயில்ல ஆடுனா கறுத்துப் போவேன் டீச்சர்” என்றாள். அவள் அக்காவின் கைப்பேசியில் ஓர் ஆட்டமாம். ஒரு பெண் பொம்மை வரும். முதலில் அதன் முகத்தை வெளுக்க வேண்டும். பிறகு இதழுக்குச் சாயம், இமைக்கு மை, உடம்பைக் காட்டும் உடுப்பு. இறுதியில் ஓர் ஆண் பொம்மை வந்து பார்க்கும். அது சிரித்தால் வெற்றி!

“மேனாட்டு நாகரிகம் செய்த கேடு, நம் பழம்பண்பாடு போய்விட்டதே” என்று பெருமூச்சு விடுவோர் உண்டு. அந்தப் பெருமூச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஏடுகளைப் புரட்டுவோம், தோழர்களே! நமக்குப் பெருமை தருவதும் அங்கே இருக்கிறது. தலைகுனிய வைப்பதும் இருக்கிறது.

பெருமையை முதலில் சொல்கிறேன். சங்கச் சிறுமி வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தவள் அல்லள். மணலில் சிற்றில் கட்டினாள், கோரையால் பாவை முடைந்தாள், பந்தெறிந்தாள், கழங்காடினாள். ஐங்குறுநூற்றில் நெய்தல் பாடிய அம்மூவனார், மறக்கவொண்ணாத ஒரு சிறுமியைக் காட்டுகிறார். அவள் மணலில் செய்த வண்டற் பாவையை அலை அடித்துச் சென்றுவிட்டது. அவள் என்ன செய்தாள்? நுண்மணலை அள்ளி அள்ளி வீசிக் கடலையே தூர்க்கப் புறப்பட்டுவிட்டாள்! கொற்கை என்று அப்பாட்டில் பெயரில்லை. ஆயினும் கொற்கையை அறிந்த புலவர் அவர். அதே நூலின் நெய்தற் பாட்டுகளில் அத்துறையைப் பெயர் சொல்லிப் பாடியவர்.

ஆனால் அந்தப் பாட்டு யார் கூற்று என்று பாருங்கள். தலைவனிடம் பிணங்கிய தலைவி, அவன் நாடிச் சென்ற ஒருத்தியைச் சுட்டி, ‘உன் உறவுக்காரியைக் கண்டோம்’ என்று இடித்துரைக்கும் கூற்று அது. கடலைத் தூர்க்கும் குழந்தைமை, ஓர் ஆடவன் விரும்பியவளுக்கு அடையாளமாக நிற்கிறது! பாட்டின் அழகில் மயங்கி இந்த இடத்தைத் தாண்டிச் சென்றவர்களில் நானும் ஒருவன். கல்லூரியில் படித்தபோது உறுத்தவில்லை, பிள்ளைகளுக்கு நடுவே நின்ற பிறகே உறுத்திற்று. சொல்லே நம்மைக் காட்டிக் கொடுக்கிறதன்றோ? பொம்மையும் பாவை, பெண்ணும் பாவை.

சங்ககாலத்தில் குறிப்பாய் இருந்தது, பின்னர் இலக்கணமாகவே ஆகிவிட்டது. உலா என்னும் சிற்றிலக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அரசன் வீதியில் பவனி வருவான். ஏழு பருவத்துப் பெண்கள் அவனைக் கண்டு மயங்க வேண்டும். அந்த ஏழில் முதற்பருவம் பேதை. வழக்கமாகச் சொல்லப்படும் கணக்குப்படி அவள் வயது ஐந்து முதல் ஏழு! பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் மூன்று சோழ மன்னர்மேல் உலாப் பாடினார். இறைவன்மேலும் வள்ளல்மேலும் உலாக்கள் வந்தன. பேதை காமம் அறியாதவள் என்று புலவரே சொல்வார். பாவையோடும் பந்தோடும் அவளைக் காட்டுவார். ஆயினும் வரிசையிலிருந்து விலக்கமாட்டார். அறியாதவளை அந்த வரிசையில் ஏன் நிறுத்தவேண்டும்? புலமைக்கு வேறு பொருளே கிடைக்கவில்லையா?

பிள்ளைத்தமிழ் இந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அது வேறொரு பாடம் கற்பித்தது. பொருநைக் கரைத் திருவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரர் பதினேழாம் நூற்றாண்டில் இருபாலுக்கும் பிள்ளைத்தமிழ் பாடினார். முதல் ஏழு பருவங்கள் இருவர்க்கும் பொது. கடைசி மூன்றில் ஆண்பிள்ளைக்குச் சிறுபறை, சிற்றில், சிறுதேர்; பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். ஆண்பிள்ளைக்கு வந்த ‘சிற்றில்’ அவன் கட்டும் வீடன்று. சிறுமியர் கட்டிய மணல்வீட்டை அவன் காலால் சிதைக்க வருகிறான். ‘சிதையாதே’ என்று அவர்கள் கெஞ்சுகிறார்கள். கெஞ்சுவது அழகு, சிதைப்பது குறும்பு என்று பாடிப் பாடியே பழக்கிவிட்டோம்.

ஏட்டில் இருந்தது வீட்டிலும் இருந்தது. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சி, ஆணும் பெண்ணுமாய் இணையாக வரும். கொலு வைக்கும் குடும்பங்களில் அதை மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் சீராகக் கொடுப்பது வழக்கம். மணப்பெண்ணுக்கு எதற்குப் பொம்மை? நலங்கில் தேங்காய் உருட்டுவதும் பூப்பந்து எறிவதும் எதற்கு? மணப்பெண் விளையாட்டுப் பிள்ளையாய் இருந்த காலத்தின் எச்சம் அது என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணின் மணவயது பதினாறுக்கு மேல் இருக்கவேண்டும் என்றது. அவ்வாண்டு நிறைவேறிய சாரதா சட்டம் பதினான்கோடு நின்றது. பதினெட்டு என்று சட்டம் சொல்ல 1978 ஆயிற்று. இத்தனைக்குப் பிறகும், 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ பதின்மூவர் பதினெட்டுக்கு முன்பே மணமானவர்கள்!

இனி மேனாட்டுக்கு வருவோம். ஜெர்மனியில் ‘பில்ட்’ நாளேட்டின் கேலிப்படத்தில் 1952-இல் தோன்றியவள் லில்லி. பணக்கார ஆடவரை வளைய வருபவளாகத் தீட்டப்பட்டவள். 1955-இல் அவள் பொம்மையானாள். புகையிலைக் கடைகளில் வளர்ந்த ஆடவர் வேடிக்கைக்கு வாங்கும் பொம்மை. சுற்றுலாச் சென்ற ரூத் ஹாண்ட்லர் என்னும் அமெரிக்க அம்மையார் அதைக் கண்டார், வாங்கிச் சென்றார். 1959-இல் அதே உடற்கட்டில் மாட்டெல் நிறுவனத்தின் பார்பி பிறந்தாள். ஆடவர் கையிலிருந்தது சிறுமியர் கைக்கு வந்தது! பெண்பிள்ளை தாயாக மட்டுமின்றி எதுவாகவும் தன்னை எண்ணிப் பார்க்கட்டும் என்பதே ஹாண்ட்லர் கருதியது. அதை மறைப்பது நேர்மையன்று. 1965-இல் விண்வெளி உடையில்கூட ஒரு பார்பி வந்தாள். ஆனால் அதே 1965-இல் வந்த இன்னொரு பார்பியோடு, 110 பவுண்டு காட்டும் எடைப்பொறியும், ‘உண்ணாதே’ என்று அறிவுரை கூறும் எடைக்குறைப்பு நூலும் சேர்த்து விற்கப்பட்டன.

2006-இல் இங்கிலாந்தில் ஹெல்கா டிட்மார் முதலிய உளவியலார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஐந்து முதல் எட்டு வயதுவரை உள்ள 162 சிறுமியரில் சிலருக்குப் பார்பி படக்கதையும், சிலருக்குப் பருத்த பொம்மையின் படக்கதையும், சிலருக்குப் பொம்மையே இல்லாத படங்களும் காட்டினர். பார்பியைக் கண்டவர்களில் இளையோர் தம் உடல்மீது நிறைவு குன்றினர், மெலிய விரும்பினர். மூத்தோரிடம் அவ்விளைவு தோன்றவில்லை. பொம்மை பற்றிக்கொண்ட வயது எது? ஏறத்தாழ உலாப் புலவர் பேதை என்று குறித்த அதே வயது!

ஆகவே அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமானை வாங்கிக் கொடுத்தால் போதும் என்போர்க்கு நான் சொல்வது ஒன்றுண்டு. கடைசல் வேலை அருமையானது. அரக்குச் சாயம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருப்பவை அடுப்பும் குடமும் அம்மியும் உரலும். வாங்குங்கள், தம்பிக்கும் சேர்த்துக் கொடுங்கள்.

என் மாணவியிடம் இவ்வளவும் சொல்ல இயலுமா? கடலைத் தூர்க்கப் போன சிறுமியின் கதையை மட்டும் வகுப்பில் சொன்னேன், தலைவனையும் தலைவியையும் விட்டுவிட்டு. எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை, எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இப்ப நம்ம ஊர்ல கடல் இல்லையே டீச்சர். அவ தூர்த்துட்டாளா?”

பொருநை ஆறு கொண்டுவந்த வண்டல் படிந்து படிந்து கடலை விலக்கிற்று என்று விளக்கினேன். அவளுக்கு அது பிடிக்கவில்லை. மணி அடித்ததும் வெளியே ஓடினாள். கை நிறைய மண்ணோடுதான் திரும்பி வந்தாள்.