பாசி: நிறம் உதிர்ந்த சொல்

மதுரைச் சித்திரை வீதிகளில் மணி விற்பவர்களிடம் “சிவப்புப் பாசி இருக்கா?” என்று தயங்காமல் கேட்கிறோம். வேரைப் பார்த்தால் அது சிவந்த பச்சையைக் கேட்பது. ‘பசு’ என்ற அடியில் பசுமையும் பச்சையும் பிறந்தன. அதுவே நீண்டு பாசிலை, பாசடை, குளத்துப் பாசி, பாசிப்பயறு என்றாயிற்று. பாசிமணியும் இந்த வரிசையில்தான் நிற்கிறது என்பது என் துணிபு. கயிற்றைக் குறிக்கும் ‘பாசம்’ என்ற வடசொல்லோடு சேர்த்துப் பார்க்கவும் இடமுண்டு. ஆனால், பயறுக்கு முன் நிற்பதுபோலவே மணிக்கு முன்னும் நின்று வகை பிரிக்கிறது இச்சொல். நிறப்பெயரின் இயல்பு அது. நாளடைவில் ‘மணி’ உதிர்ந்து பாசி மட்டும் தங்கியது. பிறகு பச்சையும் உதிர்ந்தது.

பச்சையிலிருந்து சிவப்புக்கான இந்தத் தாவலுக்கு உலையிலேயே ஓர் உறவு இருப்பது எனக்குப் பெரும் வியப்பு. பழைய பச்சை மணிக்கும் செங்கல் நிற மணிக்கும் நிறம் தந்தது ஒரே செம்பு. காற்று தாராளமாகப் பட்டால் கண்ணாடியில் அது பச்சையோ நீலமோ ஆகும். காற்றை ஒடுக்கினால் சிவக்கும்.

மதுரைக்குத் தென்கிழக்கே, வைகைக் கரைக் கீழடியில் 2015-இல் தொடங்கிய அகழாய்வில் சுடுமண் மணி, சூதுபவள மணிகளோடு கண்ணாடி மணிகளும் கிடைத்தன. 2023-இல் திறந்த அருங்காட்சியகத்தில் அவ்வூர் அணிகலன்களைக் காணலாம். மணி செய்த விதத்தை அறிய, புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டுக்குப் போகவேண்டும். உருகிய கண்ணாடியை நடுவே துளை நிற்கும்படி நீண்ட குழலாக இழுத்தார்கள், நறுக்கினார்கள், கூரிய விளிம்பு மழுங்க, சாம்பலோடு மீண்டும் சூடேற்றினார்கள். ஆந்திரத்துப் பாபாநாயுடுபேட்டையில் இந்தக் கைவேலை நம் காலம்வரை நீடித்தது.

கண்ணாடி என்றதும் பினீசியரை நினைப்பது வழக்கம். அவர்கள் நாட்டுப் பெலஸ் ஆற்றங்கரை மணலில் வணிகர்கள் அடுப்பு மூட்டியபோது கண்ணாடி பிறந்ததாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதினார். மெசபடோமியாவில் அது அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தது. பினீசியரின் தனிச்சிறப்பு வேறு: கம்பியில் கண்ணாடியைச் சுற்றி, அகன்ற விழியும் சுருள்தாடியுமாக அவர்கள் வடித்த முகப் பதக்கங்கள். மத்தியதரைக் கடற்பகுதிக் கண்ணாடியில் சுண்ணாம்புச் சத்துள்ள மணலும் நேட்ரான் உப்பும் சேர்ந்தன. தென்னிந்தியப் பழங்கண்ணாடியிலோ அலுமினா மிகுதி. மண்ணில் பூக்கும் உவர்ச்சோடா அதை உருக்க உதவியது. ஆகவே நம் பாசியின் பிறப்பிடத்தைக் கடலுக்கு அப்பால் தேட வேண்டியதில்லை. இழுத்துச் செய்த இந்த மணிகள் இலங்கை மாந்தை, தாய்லாந்துக் குளோங் தோம் வரை பரவிக் கிடக்கின்றன.