களைக்கொல்லி தாங்கும் நெல், கோதுமை ரகங்கள்

களையை அழிக்கும் மருந்து மேலே பட்டாலும் கருகாமல் தேறி வளரும் ரகங்களே களைக்கொல்லி தாங்கும் ரகங்கள். களையே மருந்துக்கு மசியாமல் போவது வேறு. ஹரியானா கோதுமை வயல்களில் ஐசோபுரோட்டூரான் என்ற களைக்கொல்லியை ஆண்டுக்கணக்கில் தெளித்ததால், 1990களின் தொடக்கத்தில் ஃபாலாரிஸ் மைனர் என்ற புல் அதற்குச் சாகாமல் நின்றது அவ்வகை.

இந்தியாவில் களைக்கொல்லி தாங்கும் நெல்லின் வேர் கோயம்புத்தூரில் இருக்கிறது. நிலக்கடலை, சோயா பயிரிடுவோருக்குப் பழகிய இமசெதாபைர் என்ற களைக்கொல்லி, செடி சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கத் தேவையான ஒரு நொதியை முடக்குகிறது. சாதாரண நெல்லில் அடித்தால் நெல்லும் மஞ்சளித்துச் சாகும். வறட்சி தாங்கும் நாகினா 22 ரகத்தின் விதைகளை வேதிப்பொருளில் ஊறவைத்து, அவற்றின் சந்ததியில் மருந்துக்குத் தப்பிய செடியைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் பிரித்தெடுத்தனர். அங்கு பணியாற்றிய நெல் ஆராய்ச்சியாளர் எஸ். ராபின் பெயரே அதற்கு வைக்கப்பட்டது. அந்த நொதிக்கான மரபணுவில் ஓர் எழுத்து மாறியதில் மருந்து நொதியில் ஒட்ட முடியாமல் போகிறது. நொதியின் வேலை நிற்பதில்லை. அயல் மரபணு எதுவும் புகுத்தப்படாததால் இது மரபணு மாற்றுப் பயிர் ஆகாது.

இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் அந்தப் பண்பைப் பாசுமதியில் ஏற்றியது. பூசா பாசுமதி 1121 வழியாகப் பூசா பாசுமதி 1979, பூசா பாசுமதி 1509 வழியாகப் பூசா பாசுமதி 1985 ஆகிய ரகங்கள் 2021 செப்டம்பர் 28 அன்று வெளியாயின. தமிழ்நாட்டுக் கண்டுபிடிப்பு முதலில் வடக்கத்தி வயலுக்குப் போனதில் வியப்பில்லை: ஆள் பற்றாக்குறையும் நிலத்தடி நீர்ச் சரிவும் அங்கே நாற்று நடாத நேரடி விதைப்பைத் தூண்டின; அதில் களைதான் பெரும் தொல்லை.

கோதுமையிலும் இதே உத்தி உண்டு. ஆனால் கோதுமையில் மூன்று மரபுத்தொகுதிகள் சேர்ந்திருப்பதால் இந்த மரபணுவும் மூன்று படிகளாக இருக்கிறது. ஒரு படி மட்டும் மாறியிருந்தால் மற்ற இரண்டும் மருந்தில் அடிபடும். இரண்டு படிகள் மாறிய ரகம் கூடுதலாகத் தாங்கும். மெட்ரிபுசின் போன்ற மருந்துகளுக்கோ இயல்பாகவே ரகத்துக்கு ரகம் தாங்கும் திறன் வேறுபடும்.

முல்லைப் பெரியாற்று நீரில் 14,707 ஏக்கர் இருபோகம் விளையும் கம்பம் பள்ளத்தாக்கில் களைக்கொல்லி தாங்கும் நெல்லின் தேவை குறைவு. சேற்றில் நாற்று நட்டு நீர் கட்டினாலே பாதிக் களை அமுங்கும். நெல்லும் குதிரைவாலிப் புல்லும் கோரையும் ஒன்றாக முளைக்கும் ராமநாதபுரத்துப் புழுதி விதைப்பில்தான் இதற்கு அதிக வேலை. எனினும் நெல்லின் இனமேயான களைநெல் உள்ள வயலில் கவனம் வேண்டும்: பயிர்நெல்லின் மகரந்தம் அதில் கலந்தால் தாங்குதிறன் களைக்கும் போய்விடும், பிறகு அந்த மருந்து அங்கே பயன்படாது.