வாணிகப் புலவரும் அவர்தம் தொழிற்பெயரும்

மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார், மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார், உறையூர் இளம்பொன் வாணிகனார் முதலிய சங்கப் புலவர்கள் பாடற்புகழோடு தொழிற்பெயரையும் உடன்தாங்கி நிற்கின்றனர். பரிசில் பெற்று வாழ்தற்குரிய புலமை கைவரப்பெற்றோர் கூலமும் அறுவையும் விற்றது எற்றுக்கு? இவ்வினாவையே ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

வறுமையே காரணம் எனல் எளிது. ஆயின் அவர்தம் பாடல்கள் அதற்கு இடந்தரவில்லை. இளவேட்டனார் பாடியவற்றுள் பெரும்பாலன அகப்பாடல்களே. புறநானூற்றில் உள்ள அவர் பாட்டு ஒன்று (329). அது சீறூர்த் தலைவன் ஒருவனின் வண்மையைப் பேசுகின்றதேயன்றி அவன்பால் எதனையும் வேண்டவில்லை. இளம்பொன் வாணிகனார் (264) நடுகல்லாகிவிட்ட தலைவனை நினைந்து, அஃதறியாது இனியும் பாணர் சுற்றம் வருமோ என இரங்குகின்றார். அவர் கவலை பிறர் பசி பற்றியது. சாத்தனார் (59) வழுதியைப் பகைவர்க்கு ஞாயிறாகவும் தம்மனோர்க்குத் திங்களாகவும் கண்டு அமைகின்றார். மூன்றனுள் ஒன்றிலேனும் பரிசில் வேட்கை இல்லை. பாடல்கள் சிலவே எனினும் இவ்வொற்றுமை தற்செயலானது என எம்மால் கொள்ள இயலவில்லை. பிறர் முகம் நோக்காமல் வாழும் உரிமையே இவரைக் கடையில் இருத்தியது எனக் கருதுகின்றோம்.

இவ்வுரிமையின் அருமையைப் பெருஞ்சித்திரனார் வாழ்வு காட்டும். தம்மைக் காணாமலே அதியமான் அளித்த பொருளை அவர் ஏற்க மறுத்தார் (208). அவ்வாறு மறுக்குங்கால், தாம் வாணிகம் செய்யும் பரிசிலர் அல்லர் என்கின்றார். வாணிகம் என்னும் சொல் அங்கே இழிவுக் குறிப்புடையது. அவ்விழிப்பு வழங்கிய காலத்திலேயே நம் புலவர் அப்பெயரால் அறியப்பட்டனர்.

இப்பெயர்கள் தொகுத்தோர் இட்டவை என்பார் உளர். அழகர்மலைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள், கி.மு. முதல் நூற்றாண்டளவில் பொறிக்கப்பட்டவை, வேறு சான்று பகர்கின்றன. உப்பு வணிகனும் கொழு வணிகனும் அறுவை வணிகனும் அங்கே தம் பெயரோடு தொழிலையும் பொறித்துள்ளனர். அவ்வறுவை வணிகரை இளவேட்டனாரோடு ஒன்றாக்குதல் பொருந்தாது. எனினும் தொழிலைப் பெயரின் முன்வைக்கும் வழக்கு வணிகரிடமே இருந்தமை தெளிவாகின்றது. தம் தொழிலில் நிறைவுகொள்ளாதார் அதனைக் கல்லிற் பொறியார். அவர்கள் அங்கே கொடையாளர் என்பதும் நோக்கத்தக்கது. பெறும் கை அன்று, ஈயும் கை.

பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டிலும் பாட்டுடைத்தலைவன் பெயர் யாண்டும் சுட்டப்படவில்லை.