கல்லமேட்டில் கரைந்த எலும்பு

இந்தியாவில் கிடைத்த மிகப் பெரிய டைனோசர் எலும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கும் இல்லை என்பதுதான் பதில்.

அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் அது மண்ணுக்கு வெளியே தலைகாட்டியது. யாதகிரி, அய்யாசாமி என்ற இரு புவியியலாளர்கள் 1980களில் அதை ஆராய்ந்து ‘பிருஹத்காயோசாரஸ் மாட்லேயி’ என்று பெயர் வைத்தார்கள். ‘பிருஹத் காயம்’ என்றால் பேருடல். மாட்லே என்பவர், அன்றைய திருச்சி மாவட்டத்து டைனோசர் எச்சங்களைப் பற்றி 1929இல் எழுதிய ஆங்கிலேயர்.

கீழ்க்கால் எலும்பு ஒன்று மட்டுமே 2 மீட்டர் நீளம். ஆறடி ஆள் அதன் பக்கத்தில் நின்றால் எலும்புதான் உயரம். உலகப் புகழ் பெற்ற அர்ஜென்டினோசாரஸுக்கே முழங்காலுக்குக் கீழே சுமார் 155 செ.மீ.தான். கல்லமேட்டு விலங்கை முதலில் ஊன் தின்னி என்று வகைப்படுத்தி, பிறகுதான் நீள்கழுத்துத் தழை தின்னி என்று திருத்தினார்கள். அதற்குள் எலும்பு போய்விட்டது. களிமண்ணில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தது, வெளியே வந்து ஈரம் ஏறியதும் பொடிப்பொடியாகிவிட்டது. கையில் மிஞ்சியவை கோட்டுப் படங்கள். அது எலும்பே இல்லை, கல்லாய்ப்போன மரக்கட்டை என்று சந்தேகப்பட்டவர்களும் உண்டு. 2022இல் பழைய புகைப்படங்கள் அச்சில் வந்த பிறகு அந்தப் பேச்சு அடங்கியிருக்கிறது. ஆனால் புகைப்படத்தைத் தராசில் வைக்க முடியுமா? நூறு டன்னுக்கு மேல் என்கிறார்கள் சிலர். நான் அந்தப் பந்தயத்துக்கு வரவில்லை.

மரக்கட்டை என்று நினைத்ததும் அசட்டுத்தனம் இல்லை. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்கு ஒரு மரம் அப்படியே கல்லாகிக் கிடக்கிறது. 1940இல் எம்.எஸ். கிருஷ்ணன் கண்டெடுத்தது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். பூக்கும் தாவரங்கள் நிலத்தை நிறைக்காத காலத்து மரம். எங்கோ கரையில் வளர்ந்து, வெள்ளத்தில் சாய்ந்து, கடலுக்கு அடித்துச் செல்லப்பட்டு, சேற்றில் அமிழ்ந்தது.

பெரம்பலூரில் கடலா என்று கேட்பீர்கள். ஆமாம், கடல்தான். சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன்புவரை நம் கிழக்குக் கரைக்கு அப்பால் வங்கக் கடல் கிடையாது; அண்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது. கோண்டுவானா என்ற அந்தப் பெருநிலம் பிய்ந்தபோது, துணி கிழியும் இடத்தில் நூல் தொய்வதுபோல ஓரத்து நிலம் பட்டை பட்டையாகக் கீழே இறங்கியது. காவிரிப் படுகை பிறந்தது இப்படித்தான். பள்ளத்தில் கடல் புகுந்தது. ஏறியது, வடிந்தது, மறுபடி ஏறியது. இந்த விளையாட்டு பல கோடி ஆண்டுகள் நடந்தது.

அந்தக் கடலடியில் கிடந்த காரை கிராமத்து மண்ணை மழை அரித்து அரித்து ஓடை ஓடையாகப் பிளந்து வைத்திருக்கிறது. அங்கே நடந்தால் துப்பாக்கிக் குண்டுபோல ஒரு கல் கிடைக்கும். கணவாயின் தூரத்து உறவான பெலம்னைட்டின் எச்சம் அது. சுருள் சுருளான அம்மோனைட்டும் கிடைக்கும். பூஜை அறையில் சாளக்கிராமம் வைத்திருப்பவர்களுக்கு அம்மோனைட் புதிதல்ல. கண்டகி நதிக் கரையில் பொறுக்கப்படும் சாளக்கிராமமும் அம்மோனைட் கல்தான். இமயம் எழுவதற்கு முன்பு அங்கே இருந்த டெத்திஸ் கடலில் வாழ்ந்தவை அவை. அரியலூர்க் கடலில் செத்த சிப்பிகளும் நுண்ணுயிர்களும் சுண்ணாம்புக் கல்லாகி, இன்று சிமென்ட் ஆலைகளுக்குப் போகின்றன. உங்கள் வீட்டு மாடிப்படியிலும் அந்தக் கடல் கொஞ்சம் இருக்கலாம்.

கடல் வடிந்த ஒரு காலத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும்தான் கல்லமேடு. அங்கே கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பேருடல் அல்ல, ஒரு முதலைப் பல். 2013இல் அதைப் பற்றிய கட்டுரை வெளியானது. மடகாஸ்கரில் சைமோசூக்கஸ் என்று ஒரு மொட்டை மூக்கு முதலை இருந்தது. தழை தின்னும் முதலை! கல்லமேட்டுப் பல் அதன் பல்லைப் போலவே இருந்தது. மடகாஸ்கரும் நாமும் பிரிந்தது சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன்பு. பல்லின் வயதோ சுமார் 7 கோடி ஆண்டுகள். வீடு பாகப்பிரிவினையாகி ஏறக்குறைய இரண்டு கோடி ஆண்டுகள் கழிந்தும் அதே முகச்சாடை! இடையில் நிலப்பாலம் இருந்ததா என்று தேடுபவர்கள் இருக்கிறார்கள். பிரிவதற்கு முன்பே இரு பக்கமும் இருந்த மூதாதையின் வாரிசுகள் என்பதுதான் எனக்கு இயல்பாகப் படுகிறது.

பிரிந்த இந்தியா வடக்கே ஓடிய வேகம், கண்ட நகர்வுகளிலேயே அபூர்வமானது. உச்சத்தில் ஆண்டுக்குச் சுமார் 15 சென்டிமீட்டர். நம் விரல் நகம் ஆண்டுக்கு வளர்வது 4 சென்டிமீட்டர்தான். அந்த முதலை வாழ்ந்தபோது, ஆசியாவில் போய் முட்டுவதற்கு இன்னும் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு மேல் பாக்கி இருந்தது.

கல்லமேட்டு விலங்குகளின் யுகம் முடியும் தறுவாயில், 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வடமேற்கே இன்றைய மகாராஷ்டிரத்தில் தரை பிளந்தது. மலையைத் துளைத்துக்கொண்டு வரும் எரிமலை அல்ல. நெடுநெடுவென்ற வெடிப்புகளின் வழியே, பொங்கிய பால் அடுப்பில் வழிவதுபோல, நெருப்புக் குழம்பு அடுக்கடுக்காக ஓடியது. அஜந்தாவும் எல்லோராவும் குடையப்பட்டது அந்தக் குழம்பு ஆறிய பாறையில்தான். அடுத்த வாரம் அங்கே போவோம்.