ஒரே லேப்டாப்பில் விண்டோஸ், லினக்ஸ் இரண்டும் வேண்டுமா? ஃபைல் அழியாமல் பார்ட்டிஷன் பிரிப்பது எப்படி?

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு முடிந்துவிட்டது. பழைய லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதற்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப், குறைந்தது 4 ஜிபி ரேம் எல்லாம் தேவை. 'விண்டோஸும் இருக்கட்டும், பக்கத்திலேயே லினக்ஸும் போட்டுக்கலாம்' என்பது இதற்கு ஒரு வழி.

ஆனால், அதற்கு ஹார்டு டிஸ்க்கில் இடம் பிரிக்க வேண்டும். பயமே அங்கேதான். திருப்புல்லாணி, சேதுக்கரை பக்கம் இருக்கும் ஒரு மாணவருக்கு லேப்டாப் மக்கர் பண்ணினால் ராமநாதபுரத்துக்கு பஸ் ஏறணும். வீட்டில் இருப்பதே ஒரு லேப்டாப். டிஎன்பிஎஸ்சி நோட்ஸ், ஸ்கேன் செய்த சான்றிதழ், அக்கா கல்யாண போட்டோ எல்லாம் அதில்தான். ஒரு தவறான கிளிக்கில் மொத்தமும் போய்விடலாம். சரியான வரிசையில் செய்தால் அந்த ஆபத்து ரொம்பவே குறைவு.

இது தமிழ்நாட்டுக்குப் புதுசா?

இல்லை. 2011 செப்டம்பர் 15-ல் அப்போதைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா லேப்டாப் திட்டத்திலேயே இரண்டு ஓஎஸ் இருந்தது. ஒன்று விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர். இன்னொன்று சென்னை சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸ். லேப்டாப்பை ஆன் செய்ததும் 'எது வேண்டும்?' என்று கேட்கும் பட்டியல் வருமே, அதுதான் டூயல் பூட்.

பார்ட்டிஷன் என்றால் என்ன?

ஒரே வயலை வரப்பு போட்டுப் பிரிப்பது மாதிரி. டிஸ்க் ஒன்றுதான், உள்ளே எல்லைகள் பல. விண்டோஸின் சி டிரைவ் ஒரு பாத்தி என்றால், லினக்ஸுக்குத் தனிப் பாத்தி வேண்டும். வரப்பை நகர்த்துவதைத்தான் ரீசைஸ் என்கிறார்கள்.

நகர்த்தும் இடத்தில் ஃபைல் இருந்தால் அதை முதலில் உள்பக்கம் தள்ள வேண்டும். அந்த நேரத்தில் கரண்ட் போய், பேட்டரியும் கைகொடுக்காவிட்டால் சிக்கல். பழைய லேப்டாப்பில் பேட்டரியை நம்பி இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

தொடங்கும் முன் 4 வேலைகள்

1. முக்கியமான ஃபைல்களை வேறொரு டிஸ்க்கிலோ ஆன்லைனிலோ காப்பி எடுத்துவையுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவில் போட்டுவைப்பது பேக்கப் ஆகாது.

2. பிட்லாக்கர் ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 48 இலக்க ரெக்கவரி கீயை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட் அமைப்பு மாறினால் விண்டோஸ் அதைக் கேட்கும். கீ இல்லையென்றால் உங்கள் ஃபைலை உங்களாலேயே திறக்க முடியாது.

3. விண்டோஸில் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை ஆஃப் செய்யுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக மூடாது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் தொடுவது ஆபத்து.

4. குறைந்தது 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் லினக்ஸை ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம். அந்த பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டி, வைஃபை, சவுண்டு எல்லாம் வேலை செய்கிறதா என்று முதலில் பார்த்துவிடலாம். இதற்கு இன்ஸ்டால் தேவையில்லை.

இடம் பிரிப்பது எப்படி?

சி டிரைவைச் சுருக்கும் வேலையை விண்டோஸிடமே விடுவது நல்லது. விண்டோஸ் கீயையும் எக்ஸ் கீயையும் சேர்த்து அழுத்தினால் வரும் பட்டியலில் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' போங்க. சி டிரைவில் ரைட் கிளிக் செய்து 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்க. எவ்வளவு என்பதை எம்பி கணக்கில் கேட்கும். 40 ஜிபி வேண்டுமென்றால் 40960 என்று போட வேண்டும். உபுண்டு மாதிரி லினக்ஸுக்கு 25 ஜிபியாவது வேண்டும், 40 இருந்தால் நிம்மதி.

முடிந்ததும் 'அன்அலகேட்டட்' என்று ஒரு காலி இடம் தெரியும். அதை ஃபார்மட் செய்யாமல் அப்படியே விடுங்க. லினக்ஸ் அதைப் பார்த்துக்கொள்ளும்.

100 ஜிபி காலியாக இருந்தும் 5 ஜிபிதான் சுருக்க முடியும் என்று காட்டுகிறதா? வரப்பு போகும் வழியில் கிணறு இருப்பது மாதிரி, நகர்த்த முடியாத சில சிஸ்டம் ஃபைல்கள் நடுவில் உட்கார்ந்திருக்கும். பேஜ் ஃபைல், ஹைபர்னேஷன், சிஸ்டம் புரொடெக்ஷன் மூன்றையும் தற்காலிகமாக ஆஃப் செய்து, ரீஸ்டார்ட் செய்து பாருங்கள். வேலை முடிந்ததும் மறக்காமல் திரும்ப ஆன் செய்துவிடுங்கள்.

டேட்டா போவது எங்கே?

பெரும்பாலும் ரீசைஸில் இல்லை, அடுத்த திரையில்தான். லினக்ஸ் இன்ஸ்டால் ஆகும்போது 'எரேஸ் டிஸ்க்' என்றும், 'விண்டோஸுக்குப் பக்கத்தில் இன்ஸ்டால் செய்' என்ற பொருளிலும் ஆப்ஷன்கள் வரும். 'எரேஸ்' என்றால் விண்டோஸ், சி, டி எல்லாமே காலி. இரண்டாவதைத்தான் தேர்வு செய்ய வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கேயே நிறுத்தி வெளியே வந்துவிடலாம். கடைசி உறுதி கொடுக்கும்வரை டிஸ்க்கில் எதுவும் மாறாது.

போட்ட பிறகு வரும் குழப்பங்கள்

லினக்ஸ் பயன்படுத்திவிட்டு விண்டோஸுக்குப் போனால் சிலருக்கு கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் காட்டும். லேப்டாப் கெட்டுப்போகவில்லை. லினக்ஸ் உலகப் பொது நேரத்தைச் சேமித்துவைக்கிறது, விண்டோஸ் அதை இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. லினக்ஸ் செட்டிங்கில் ஒரே கட்டளையில் சரிசெய்யலாம்.

லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால், உடனே அந்த பார்ட்டிஷனை டெலீட் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் நின்றுவிடும், விண்டோஸுக்குள்ளும் போக முடியாது. முதலில் பயாஸ் செட்டிங்கில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலாவதாக மாற்றுங்கள். பழைய பயாஸ் முறை லேப்டாப் என்றால் விண்டோஸ் ரிப்பேர் டிஸ்க் மூலம் பூட்டைச் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் நேராகத் திறக்கிறது என்று உறுதியானதும் டெலீட் செய்யலாம்.

அந்த இடத்தை சி டிரைவோடு சேர்க்க 'எக்ஸ்டென்ட் வால்யூம்' இருக்கிறது. ஆனால், காலி இடம் சி டிரைவுக்கு வலதுபுறம் ஒட்டியே இருந்தால்தான் அது வேலை செய்யும். நடுவில் ரெக்கவரி பார்ட்டிஷன் இருந்தால் அந்த ஆப்ஷன் மங்கலாகவே நிற்கும்.

சுருக்கமாக: முதலில் பேக்கப், பிறகு சார்ஜர், அப்புறம்தான் ஷ்ரிங்க். 'எரேஸ்' என்ற வார்த்தையைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள்.