தெருக்குறளும் வில்லுப்பாட்டும்: கொலையுண்டோரைப் பாடும் இரு மரபுகள்

தமிழ் ராப்பின் வரலாற்றை எழுதுவோர் மலேசியாவில் தொடங்குவது வழக்கம். யோகி பி – நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' (2006) தமிழில் ராப் நிலைக்கும் என்று காட்டியது. ஹிப்ஹாப் தமிழாவின் 'ஹிப்ஹாப் தமிழன்' (2012) அதற்குத் தமிழ்நாட்டு இளைஞர் கூட்டத்தைச் சேர்த்தது. அரக்கோணத்துக்காரரான அறிவு, இசையமைப்பாளர் ஆஃப்ரோவுடன் இணைந்து 2019இல் வெளியிட்ட முதல் தொகுப்பு 'தெருக்குறள்' இவற்றை அடுத்து வைக்கப்படுகிறது. இந்த வரிசை சரியானதே, ஆனால் போதாது. தெருக்குறள் செய்யும் வேலையைத் தாமிரபரணிக் கரையில் வில்லுப்பாட்டு நெடுங்காலமாகச் செய்து வந்திருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டக் கோயில் கொடைகளில் அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிக் கதை சொல்வார். குடமும் உடுக்கையும் தாளமும் சேர, பக்கப்பாட்டுக்காரர்கள் அடியை வாங்கிப் பாடுவர். தாளத்துக்குள் அமர்ந்த பேச்சு என்ற வகையில் ராப்பும் இதுவும் நெருங்கியவை. ஆனால் ஓசை ஒற்றுமையை மட்டும் கொண்டு உறவை நிறுவிவிட முடியாது. கதைப்பாடல் மரபுகள் பலவற்றிலும் அது உண்டு. பொருளில்தான் உறவு வலுவாக நிற்கிறது.

நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917–1980) பதிப்பித்த 'முத்துப்பட்டன் கதை' இதற்குச் சான்று. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன், சக்கிலியர் குலத்துப் பொம்மக்கா, திம்மக்காவை மணக்கத் தன் சாதியைத் துறக்கிறான். ஆநிரை காக்கப் போராடி உயிர் விடுகிறான். பாபநாசத்துக்கு மேலே, காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் அவன் பட்டவராயனாக நிற்கிறான். அவனுக்குச் செருப்பு காணிக்கையாகிறது. சாதி மீறியவனின் சாவை ஊர் மறக்காதபடி காத்தது வில்லுப்பாட்டு.

தெருக்குறளிலும் அப்படியொரு சாவு பாடப்படுகிறது. 2018 மே மாதம் தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடிய மக்கள்மீது காவல்துறை நடத்திய துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தனர். அவர்களில் ஓர் இளம்பெண்ணின் பெயரே இத்தொகுப்பில் ஒரு பாட்டின் தலைப்பு. பார்த்தும் வாய் திறவாதவர்களை அதே தொகுப்பின் 'கள்ள மௌனி' பாட்டு நேருக்கு நேர் கேள்வி கேட்கிறது.

வேறுபாடும் இங்கேதான் பிறக்கிறது.

வில்லுப்பாட்டில் கொலையுண்டவர் தெய்வமாகிறார். கொடை கொடுத்து அவர் கோபத்தை ஊர் ஆற்றுகிறது. வழக்கு வழிபாட்டில் முடிகிறது. ராப்பில் கொலையுண்டவர் குடிமக்களாகவே இருக்கிறார்கள். பதில் சொல்ல வேண்டியது அரசு, வழக்கு முடிவதில்லை. அமெரிக்க ஹிப்ஹாப்பிலும் இந்த நினைவுப் பணி உண்டு. நியூயார்க்கின் குவீன்ஸ்பிரிட்ஜ் குடியிருப்பில் வளர்ந்த நாஸ், தம் முதல் தொகுப்பான 'இல்மேட்டிக்'கில் (1994) சிறையிலிருக்கும் நண்பர்களுக்கு எழுதும் கடிதங்களாகவே ஒரு பாட்டை அமைத்தார். ஆனால் அவர் பெரிதும் தம் குடியிருப்பை உள்ளிருந்து பாடினார். வடதமிழகத்து அறிவோ தம் ஊருக்கு வெகுதொலைவில் நடந்த கொலையைத் தம் வழக்காக எடுத்துக்கொண்டார். தமிழ் ஹிப்ஹாப்பில் தெருக்குறளின் தனியிடம் இதுவே.

அறிவு வில்லுப்பாட்டைக் கற்று எழுதினார் என்று இதற்குப் பொருளில்லை. கானாவும் ஒப்பாரியும் அம்பேத்கரியமும் கலந்த, 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவில் உருவானவர் அவர். இங்கே சொல்லப்படுவது நேரடித் தாக்கம் பற்றியதன்று. இரு கலைகளும் ஆற்றும் சமூகப் பணி பற்றியது.

அந்தப் பணி தாமிரபரணிப் பள்ளத்தாக்கில் இன்னும் மிச்சமிருக்கிறது. 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக நெல்லையில் சென்ற ஊர்வலத்தின்மீது தடியடி நடந்தது. பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். அவர்களைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. பெயர் சொல்லிப் பாட வேண்டும். அதற்கான வடிவம் ராப்பில் இருக்கிறது. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் துறையும் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் முத்துப்பட்டன் கதையோடு தெருக்குறளையும் பாடமாக வைக்க வேண்டும். ராப் எழுதும் நெல்லை இளைஞர்களை அண்ணாவிகளோடு ஒரே மேடையில் அமர்த்த வேண்டும்.